பிக்கப் கேபினுக்குள் ஆம்பும் சப்வூஃபரும்: நாள்பட்ட பிறகு எது நிற்கிறது, எது படுத்துகிறது

பிக்கப்பில் டிக்கி கிடையாது. பின்சீட்டுக்கு அடியில் கிடைக்கும் ஒரு சாண் உயரத்துக்குள் சப்வூஃபர் (தாழ்ந்த பாஸ் ஒலி தரும் ஸ்பீக்கர்) பெட்டி அடங்க வேண்டும். ஆம்புக்கு (ஒலி சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கு) மிஞ்சுவது சீட்டின் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவர்தான். மாட்டிய அன்று எல்லா வேலையும் நேர்த்தியாகத்தான் தெரியும். நாலு வெயில், நாலு மழை பார்த்த பிறகே உண்மை வெளிவரும். கீழே உள்ள கணக்கெல்லாம் இந்த அமைப்புக்கு: 4 ஓம், 10 அங்குல ஷாலோ (ஆழம் குறைந்த) சப்வூஃபர் இரண்டு, பேரலல் இணைப்பில் 2 ஓம், 500 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) தரும் கிளாஸ் டி மோனோபிளாக் (ஒரே சேனல்) ஆம்ப் ஒன்று.

முதலில் எர்த், அதாவது ஆம்பின் நெகட்டிவ் வயர் வண்டியின் உலோகத்தில் சேரும் இணைப்பு. பிக்கப்பில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. பெரும்பாலான பிக்கப்களில் கேபின் தனி, சேஸிஸ் தனி. நடுவே ரப்பர் மவுண்ட். இரண்டையும் மின்சாரத்தால் இணைப்பது கம்பெனி போட்ட மெல்லிய பின்னல் பட்டைதான். ஆம்பின் எர்த்தைக் கேபின் தகரத்தில் எவ்வளவு அழகாக முடுக்கினாலும், திரும்பிப் போகும் கரண்ட் முழுவதும் அந்தப் பட்டை வழியாகத்தான் போயாக வேண்டும். அது துருப்பிடிக்கத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டரின் 'ஙொய்' சத்தம் ஸ்பீக்கரில் ஏறும், பாஸ் அடிக்கும்போது விளக்கு மங்கும். பேட்டரி நெகட்டிவிலிருந்து கேபினுக்கு ஒன்று, கேபினிலிருந்து சேஸிஸுக்கு ஒன்று என 4 கேஜ் வயர் (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமன் கூடும்) கூடுதலாகப் போட்டால் தீர்ந்தது. பேட்டரி நெகட்டிவ் முனையில் கரண்ட் சென்சார் இருந்தால், புது வயர் சென்சாருக்கு அந்தப் பக்கம், அதாவது பாடி பக்கம் சேர வேண்டும். இல்லாவிட்டால் சார்ஜிங் கணக்கு தப்பிவிடும்.

எர்த் இடத்தில் பெயிண்டை ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு உப்புத்தாளால் பளபளவெனத் தேய்த்து, கிரிம்ப் செய்த லக் (வயர் முனையில் நசுக்கி மாட்டும் உலோக வளையம்), ஸ்டார் வாஷர், 8 மில்லிமீட்டர் போல்ட், பின்னால் நட். முடுக்கிய பிறகு மேலே பெயிண்ட் அடித்து மூடிவிட வேண்டும். தகரத்தில் ஏறும் ஸ்க்ரூ அதிர்வில் தளரும். சீட் பெல்ட் போல்ட்டை எர்த்துக்குத் தொடவே கூடாது. அது உயிர் காக்கும் போல்ட். சரிபார்க்க, சத்தமாக ஓடும்போது ஆம்பின் நெகட்டிவுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் போதும். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ இணைப்பு சரியில்லை.

பவர் வயரில் கஞ்சத்தனம் வேண்டாம். 500 வாட்டுக்கு, 80 சதவீதத் திறன் என்று வைத்தால், 13.8 வோல்ட்டில் சுமார் 45 ஆம்பியர் இழுக்கும். 5 மீட்டர் சுத்தச் செம்பு 4 கேஜில் இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் நிற்கும். 8 கேஜில் அரை வோல்ட்டை நெருங்கும். செம்பு பூசிய அலுமினிய வயர் 4 கேஜிலேயே சுமார் 0.3 வோல்ட் தின்னும். அதோடு, டெர்மினலுக்குள் நசுங்கித் தளர்ந்து, ஈரம் பட்டால் வெள்ளைப் பொடியாகவும் உதிரும். மெயின் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், ஃபயர்வால் (என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகரச் சுவர்) ஓட்டையில் ரப்பர் கிரோமெட் (வயரைக் காக்கும் வளையம்) கட்டாயம். பவர் வயர் ஒரு பக்கக் கதவடிப் பட்டியில் போனால் ஆர்சிஏ (ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்கு ஒலி சிக்னல் கொண்டுபோகும் வயர்) மறுபக்கம். வழியில் மஞ்சள் உறை போட்ட வயர் தென்பட்டால் அது ஏர்பேக், கை வைக்க வேண்டாம்.

பெட்டி 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகை, எல்லா மூட்டிலும் பசை. கோன் (ஸ்பீக்கரின் அதிரும் கூம்பு) மேல்நோக்கி இருந்தால் ஒரு சிக்கல் இருக்கிறது: காலி சீட்டில் இடைவெளி தாராளமாகத் தெரியும், மூன்று பேர் உட்கார்ந்ததும் சீட் ஸ்பான்ஜ் இறங்கிக் கோனை உரசும். மாதக்கணக்கில் உரசினால் சரவுண்ட் (கோனைச் சுற்றியுள்ள மென்மையான வளையம்) கிழிந்துவிடும். பெட்டியின் மேல் களிமண் உருண்டைகளை வைத்து, ஆட்களை உட்காரச் சொல்லி, நசுங்கிய உருண்டையின் உயரத்தை அளந்தால் உண்மையான இடைவெளி தெரியும். சரவுண்டின் மேல்முனையிலிருந்து 2.5 சென்டிமீட்டராவது வேண்டும். இல்லையென்றால் கிரில் போட்டும் பயனில்லை, பெட்டியைத்தான் தாழ்த்த வேண்டும்.

ஆம்பைப் பெட்டி மீதே திருகுவது எளிது, ஆனால் தவறு. அதிர்வில் உள்ளே சால்டரிங் விரிசல் விடும், ஸ்க்ரூ ஓட்டை வழியாகக் காற்றும் கசியும். பின்சுவரில் 12 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை, அதைப் பிடிக்க ரிவ்நட் (தகரத் துளையில் பதிக்கும் நட்), அதன் மேல் ஆம்ப் என்பதே நீடிக்கிறது. ஜாக் வைக்கும் இடத்தையும் குழந்தை சீட்டின் கொக்கி மாட்டும் வளையத்தையும் மறைக்கக் கூடாது. தரையில் வைத்தே தீர வேண்டுமென்றால் 2 சென்டிமீட்டர் தூக்கி வையுங்கள், ஈரக் காலணித் தண்ணீர் கார்பெட்டுக்கு அடியில் தேங்கும். தரையில் துளையிடும் முன் அடியில் படுத்துப் பாருங்கள். டீசல் டேங்க், பிரேக் பைப் அங்கேதான் ஓடும்.

கெயினை (ஆம்ப் சிக்னலைப் பெருக்கும் அளவை) காதால் கேட்டு வைக்க வேண்டாம். ஸ்பீக்கரைக் கழற்றி, பாஸ், ஈக்வலைசரை நடுவில் விட்டு, ஸ்டீரியோ ஒலியை முக்கால் பங்கு ஏற்றி, 50 ஹெர்ட்ஸ் டோனில் ஆம்ப் வெளியீடு 31.6 வோல்ட் ஏசி வரும் வரை கெயினை ஏற்றி நிறுத்துங்கள். 500-ஐ 2 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்த கணக்கு அது. லோ பாஸ் (அதற்கு மேலுள்ள ஒலியைக் குறைக்கும் வடிகட்டி) 80 ஹெர்ட்ஸ்.

முதல் மாதம் முடிந்ததும் டெர்மினல் ஸ்க்ரூ அனைத்தையும் ஒருமுறை முடுக்க வேண்டும், செம்பு இழைகள் அழுந்தி இடம் விட்டிருக்கும். ஃபெரூல் (வயர் முனையில் மாட்டும் சிறு உலோகக் குழாய்) போட்டிருந்தால் தளர்வு குறைவு. பிறகு அரைமணி நேரம் சத்தமாக ஓட்டி, ஃபியூஸ் ஹோல்டரை விரலால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. விரல் வைக்க முடியாமல் சுட்டால், உருகப் போவது ஃபியூஸ் அல்ல, ஹோல்டரின் பிளாஸ்டிக். காரணம் பெரும்பாலும் தளர்ந்த ஸ்க்ரூவோ மலிவான ஹோல்டரோதான். கழற்றி மாற்றிவிடுங்கள்.