தையல் மிஷினுக்கு சர்வோ மோட்டார் போடலாமா?

வீட்டில் பவர் மிஷின் வைத்து ப்ளவுஸ் தைப்பவர்கள் பழைய கிளட்ச் மோட்டாரைக் கழற்றிவிட்டு சர்வோ போடலாமா என்று கேட்டால், தாராளமாகப் போடலாம். என் மனைவியின் மிஷினில் ஆடி மாதம் மாட்டினோம். தீபாவளி சீசன் முழுக்க அதில்தான் ஓடியது. நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன், தையல் தெரியாது. அதனால் கீழே உள்ள தீர்ப்பெல்லாம் அவள் சொன்னது, எழுதுவது மட்டும் நான்.

எங்களுடையது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி கழித்துவிட்ட மிஷின். கூடவே வந்தது அரை ஹெச்.பி. கிளட்ச் மோட்டார். சுவிட்சைப் போட்டால் அது முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும், தைத்தாலும் தைக்காவிட்டாலும். பெடலை அழுத்தும்போது கிளட்ச் பிடித்து அந்த வேகம் மிஷினுக்குப் போகும். கம்பெனியில் நீளநீளமாக நேர்த்தையல் போடுபவர்களுக்கு அது சரி. ப்ளவுஸில் நேர்த்தையல் எங்கே இருக்கிறது? கழுத்து வளைவு, கைக்குழி, பைப்பிங், ப்ரின்சஸ் கட் என்றால் மார்புப் பக்கம் இரண்டு வளைவு. இவ்வளவு காலமும் அவள் பெடலைப் பாதி மிதித்து, வலது கையால் சக்கரத்தைப் பிடித்து அந்த வேகத்தை அடக்கித் தைத்திருக்கிறாள். மேட்டில் பாதி கிளட்சில் வண்டியை நிறுத்தி வைக்கிற மாதிரி வேலை அது. என்னால் ஐந்து நிமிடத்துக்கு மேல் முடியாது, கால் நடுங்கிவிடும். அவள் அதை நாள் முழுக்கச் செய்தாள். அதுவும் பட்டுத் துணியில். பட்டில் ஒரு தையல் தவறினால் பிரித்துவிடலாம், ஆனால் ஊசித் துளை அப்படியே நிற்கும்.

சர்வோவில் மிதித்தால்தான் மோட்டார் சுற்றும், காலை எடுத்தால் நின்றுவிடும். மெல்ல மிதித்தால் ஒவ்வொரு தையலாகப் போகிறது. உச்ச வேகத்தையும் நாமே பூட்டி வைக்கலாம். எங்கள் மோட்டார் நிமிடத்துக்கு 4,500 சுற்று வரை போகும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. அவள் 1,800-இல் வைத்திருக்கிறாள், ஃபால்ஸ் அடிக்கும்போது மட்டும் கொஞ்சம் ஏற்றுவாள். "இப்பத்தாங்க மிஷின் என் பேச்சைக் கேக்குது" என்றாள். அதற்கு மேல் நான் என்ன விமர்சனம் எழுத!

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பு அந்த "உம்ம்ம்" பக்கத்து அறை வரை கேட்கும். இப்போது ஊசி இறங்கும் சத்தம் மட்டும்தான். அளவு ப்ளவுஸ் கொடுக்க வருகிறவர்கள் பேசுவது காதில் விழுகிறது என்பதால், "கை இன்னும் அரை இஞ்சு லூசா வேணும்க்கா" போன்ற சமாச்சாரங்களை மிஷினை அணைக்காமலே கேட்டுக்கொள்கிறாள்.

மோட்டாரில் 550 வாட்ஸ் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அரை ஹெச்.பி. என்பது சுமார் 370 வாட்ஸ்தானே, இது கூடுதலாயிற்றே என்று கடையிலேயே ஒருவர் கேட்டார். 550 என்பது அதிகபட்சம். ப்ளவுஸ் வேலையில் பாதி நேரம் துணியைத் திருப்புவதும் மடிப்பதும்தான், அப்போது இது சுற்றுவதே இல்லை. எங்கள் இரண்டு மாத பில் கொஞ்சம் இறங்கியது. ஆனால் வெயில் காலம் போய் ஃபேன் குறைந்ததும் காரணமாக இருக்கலாம், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

குறைகளும் உண்டு. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் திரையில் ஏதோ ஒரு எண்ணைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. பழைய மோட்டார் முனகிக்கொண்டாவது ஓடும். புல்லி அளவு மாறுவதால் பழைய பெல்ட் சேரவில்லை, புது பெல்ட்டுக்குத் தனிச் செலவு. கையேட்டில் இருப்பது சீனமும் அரைகுறை ஆங்கிலமும். ஒரே மோட்டார் வெவ்வேறு ஸ்டிக்கர் ஒட்டி வருவதால் பிராண்ட் பெயர் சொல்லிப் பயனில்லை. மாட்டிக்கொடுத்து, ரிப்பேர் வந்தால் எடுத்துக்கொள்கிற உள்ளூர்க் கடையாகப் பார்த்து வாங்குங்கள். எங்களுக்கு 5,200 ரூபாய் ஆனது, பெல்ட் சேர்க்காமல்.

ஊசி மேலேயே வந்து நிற்பதற்குத் தனியாக ஒரு சென்சார் விற்கிறார்கள். கடைக்காரர் வற்புறுத்தினார், இவள் வேண்டாம் என்றுவிட்டாள். மூலை திருப்பும்போது ஊசி துணிக்குள் இருக்க வேண்டும், நூல் அறுக்கும்போது வெளியே இருக்க வேண்டும், அதைக் கையே செய்துவிடுமாம்.

மோட்டார் அவளுக்குப் பரிசா என்று சிலர் கேட்டார்கள். பரிசு இல்லை, அவள் தொழிலுக்கு வேண்டிய கருவி. பையனின் பள்ளிப் படிவத்தில் அம்மாவின் தொழில் என்ற இடத்தில் 'ஹவுஸ்வைஃப்' என்று அவர்களாகவே டைப் செய்திருந்தார்கள். 'டெய்லர்' என்று மாற்றச் சொல்லி நின்று வாங்கி வந்தேன். "வீட்ல சும்மா தைக்கிறா" என்று சொல்லும் சொந்தக்காரர்கள், கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது லைனிங் துணியோடு வந்து நிற்கிறார்கள். அந்தச் 'சும்மா'வில்தான் எங்கள் வீட்டு வாடகை போகிறது.

கால் மிஷின் வைத்திருப்பவர்களுக்கு இந்த மோட்டார் தேவையில்லை, அதற்குப் பக்கத்தில் மாட்டுகிற சின்ன மோட்டார் போதும். மாதத்துக்கு நாலைந்து ப்ளவுஸ்தான் என்றாலும் பழையதே ஓடட்டும்.