இரண்டு நாள் நெயில் எக்ஸ்டென்ஷன் கோர்ஸ்: கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கிறது?

வேலை முடிந்த கையோடு எடுக்கும் போட்டோவில் எல்லாருடைய நெயில் எக்ஸ்டென்ஷனும் (சொந்த நகத்தை நீட்டிப் போடும் செயற்கை நகம்) அழகாகத்தான் இருக்கும். 15 நாள் கழித்து அதே விரல்களைப் பார்க்க வேண்டும். அடி ஓரம் தூக்கிக்கொண்டு தலைமுடி மாட்டுகிறதா, பக்கவாட்டில் விரிசல் விட்டிருக்கிறதா, உள்ளே பச்சை படர்ந்திருக்கிறதா என்று பார்த்தால், போட்டவர் எப்படிக் கற்றார் என்பது தெரிந்துவிடும். சென்னையில் தி.நகர், அண்ணா நகர், வேளச்சேரி என்று பல இடங்களில் நடக்கும் 2 நாள் கோர்ஸ்களை அந்த 15ஆம் நாளை மனதில் வைத்தே இங்கே மதிப்பிடுகிறோம். எந்த ஒரு நிறுவனத்தையும் தனியாகச் சொல்லவில்லை. பெரும்பாலான பாடத்திட்டங்கள் ஒரே அச்சில் வார்த்தவை.

முதல் நாள் காலையில் ஒரு மணி நேரம் தியரி, அப்புறம் லாம்ப்பில் காட்டி இறுக வைக்கும் ஜெல் பாலிஷ், டிப் எனும் பிளாஸ்டிக் நக நுனி ஒட்டுவது. இரண்டாம் நாள் பவுடரும் லிக்விடும் சேர்த்துப் போடும் அக்ரிலிக், இரண்டும் கலந்த மாதிரியான பாலிஜெல், நெயில் ஆர்ட், சாயங்காலம் சான்றிதழ். எல்லாம் சேர்த்து 12 மணி நேரம் தேறும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இந்த வேலைக்கு உரிமம் வாங்க 400 மணி நேரப் பயிற்சி வேண்டும், டெக்சாஸில் 600. நம் ஊரில் அப்படி உரிமம் எதுவும் கிடையாது. பியூட்டி அண்ட் வெல்னஸ் செக்டர் ஸ்கில் கவுன்சில் தகுதித் தரங்கள் வகுத்து வைத்திருக்கிறது என்றாலும், 2 நாள் கோர்ஸில் கைக்கு வருவது பெரும்பாலும் அந்த நிறுவனமே அச்சடித்த தாள். சேரும் முன்பே ‘சான்றிதழ் யார் பேரில் வரும்?’ என்று கேட்டுவிடுங்கள்.

இந்த 12 மணி நேரத்தில் அவசரத்தில் அதிகம் கோட்டைவிடுவது ப்ரெப், அதாவது பொருள் வைக்கும் முன் நகத்தைத் தயார் செய்வது. ஓரம் தூக்கும் லிஃப்டிங் புகாரில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. நகம் முளைத்து வரும் அடிப்பக்கத்தில், தோல் மடிப்புக்கு முன்னால், மெல்லிய செத்த தோல் ஒன்று நகத் தட்டோடு ஒட்டியபடியே வளர்ந்து வரும். அதுதான் கியூட்டிகிள், அதைத்தான் எடுக்க வேண்டும். அதற்குப் பின்னால் இருப்பது உயிருள்ள தோல். அதை வெட்டினால் கிருமிக்கு வழி திறந்துவிட்ட மாதிரி, நகச்சுத்தியில் போய் முடியும். வகுப்பில் இரண்டையும் ஒரே பெயரில் சொல்லி, தோல் வெட்டும் நிப்பரைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். மாணவி வெட்டக் கூடாததை வெட்டி, எடுக்க வேண்டியதை விட்டுவிடுகிறார். அந்தச் செத்த தோல் மேல் வைத்த ஜெல்லும் அக்ரிலிக்கும் நகத்தைப் பிடிப்பதே இல்லை. ஒரு வாரத்தில் ஓரம் தூக்கிவிடும்.

தோலைத் தள்ளும் புஷரைச் சாய்வாகப் பிடித்து, அழுத்தாமல் தள்ளி, ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுத்த பிறகு மேஜை விளக்கைப் பக்கவாட்டில் காட்டிப் பார்க்க வேண்டும். மிச்சம் இருந்தால் மங்கலான படலம் தெரியும். அப்புறம் 180 அல்லது 240 கிரிட் (எண் கூடக்கூடச் சொரசொரப்பு குறையும்) பஃபரால் பளபளப்பு போகும் அளவுக்கு மட்டும் தேய்த்தால் போதும். 100 கிரிட் ஃபைல் சொந்த நகத்தின் மேல் படவே கூடாது. ‘நல்லா சொரசொரப்பாக்குங்க, அப்பத்தான் பிடிக்கும்’ என்று சொல்லிக் கொடுப்பது தவறு. நகம் மெலிந்தால் அதிகமாக வளையும். மேலே இருக்கும் பொருள் அந்த அளவுக்கு வளையாது. இரண்டும் பிரிந்துவிடும். பிடிப்புக்காக முதலில் பூசும் பிரைமரும் தாராளமாக ஊற்றுகிற சமாச்சாரம் இல்லை. பிரஷ்ஷை டிஷ்யூவில் ஒற்றிவிட்டு நகத்தின் நடுவில் தொட்டாலே பரவும். ஆசிட் பிரைமரில் இருப்பது மெத்தக்ரிலிக் அமிலம், தோலில் பட்டால் எரித்துவிடும்.

அக்ரிலிக் பாடம் முழுக்க ஒரு உருண்டைக்குள் இருக்கிறது. பிரஷ்ஷை லிக்விடில் முக்கி, கிண்ணத்தின் ஓரத்தில் வழித்து, நுனியால் பவுடரில் ஒரு கோடு இழுத்தால் உருண்டை திரளும். ஒரு பங்கு பவுடருக்கு ஒன்றரைப் பங்கு லிக்விட் என்பது பொதுவான கணக்கு. சரியான உருண்டை மேலே ஈரப் பளபளப்போடு நிற்கும். நகத்தில் வைத்ததும் மெல்லத் தளர்ந்து உட்காரும். வழிந்து ஓடினால் ஈரம் அதிகம், தோலில் போய் ஒட்டும். திருநீறு மாதிரி பொலபொலவென்று நின்றால் லிக்விட் பற்றவில்லை. அந்த இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும், அங்கேதான் உடையும். இந்தக் கணக்கு கைக்குப் பிடிபட நூறு உருண்டையாவது வைத்துப் பழக வேண்டும். 2 நாள் வகுப்பில் ஒருவருக்கு நாலைந்து விரலுக்கு மேல் கிடைப்பதில்லை. இன்னொன்று, அக்ரிலிக் சூட்டில் வேகமாக இறுகும். 22, 23 டிகிரி ஏசியில் பழகியவர் சித்திரை மாதத்தில் கல்யாண மண்டபத்து அறையில் உட்கார்ந்து போட்டால், உருண்டையைத் தட்டிப் பரப்புவதற்குள் கல்லாகிவிடும். உருண்டையைச் சின்னதாக எடுக்கச் சொல்லி, ஏசியை நிறுத்திவிட்டு ஒரு விரல் போட வைத்தால் இது அரை மணி நேரப் பாடம். சென்னையில் நடத்துகிற வகுப்பில் இது கட்டாயம் இருக்க வேண்டும்.

எக்ஸ்டென்ஷனில் சற்றுத் தடிமனாக எழுப்பும் மேட்டை எங்கே வைக்கிறோம் என்பதும் அப்படித்தான். நகம் விரலை விட்டு வெளியே வரும் பகுதிதான் அடி தாங்கும் இடம், அந்தப் பகுதிக்குப் பலம் கொடுப்பதுதான் மேட்டின் வேலை. தட்டையாக விட்டால் எக்ஸ்டென்ஷன் சொந்த நகத்தையும் கிழித்துக்கொண்டு உடையும்.

ஜெல்லில் பிரச்சினை வேறு, இன்னும் பெரியது. லாம்ப்பும் ஜெல்லும் பொருந்தாவிட்டாலோ, ஒரே பூச்சில் தடிமனாக வைத்தாலோ, மேலே வெந்து நடுவில் மாவாக இருக்கும் இட்லி மாதிரி ஆகிவிடும். தொட்டால் கெட்டியாக இருக்கும், உள்ளே வினை முடிந்திருக்காது. அந்த வேகாத பொருளும் அதன் தூளும் திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் அக்ரிலேட் (ஜெல்லிலும் அக்ரிலிக்கிலும் இருக்கும் மூலப்பொருள்) அலர்ஜி வரலாம். விரல் நுனியில் அரிப்பு, வெடிப்பு, சிலருக்குக் கண் இமை வீக்கம். வந்துவிட்டால் பொதுவாக ஆயுசுக்கும் போகாது. பல் அடைக்கும் பொருள், மூட்டு மாற்று அறுவையில் வைக்கும் எலும்பு சிமெண்ட் எல்லாம் இதே குடும்பம் என்பதால் பிற்பாடு அங்கேயும் தொல்லை கொடுக்கலாம். வாடிக்கையாளரைவிட நாள் முழுக்க இதோடு புழங்கும் டெக்னீஷியனுக்குத்தான் ஆபத்து அதிகம். ஐரோப்பிய ஒன்றியம் எச்.இ.எம்.ஏ (HEMA) என்ற அக்ரிலேட் கலந்த நகப் பொருட்களைத் தொழில்முறை ஆட்களுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தியிருக்கிறது. ஜெல்லை இறுக வைக்கும் டி.பி.ஓ (TPO) என்ற பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் தடையே செய்துவிட்டது. பாட்டிலைத் திருப்பி இந்த எழுத்துகளைத் தேடச் சொல்லிக் கொடுக்க பத்து நிமிடம் போதும். நைட்ரில் கையுறை போடுவது, கட்டை விரல் லாம்ப்புக்குள் சாய்ந்து நிற்பதால் அதைத் தனியாகக் காட்டுவது, இவையும் அந்தப் பத்து நிமிடத்தில் அடங்கும்.

கோர்ஸோடு கொடுக்கும் கிட் பற்றி: பெட்டியில் 48 வாட் என்று போட்டிருப்பதை நம்பி லாம்ப்பை எடைபோட வேண்டாம், உங்கள் ஜெல் கம்பெனி சொல்லும் லாம்ப்பா என்பதுதான் கேள்வி. லேபிள் இல்லாத லிக்விட் பாட்டில் இருந்தால் வாங்காதீர்கள். நல்ல அக்ரிலிக் லிக்விடில் இருப்பது இ.எம்.ஏ (EMA) என்ற வேதிப்பொருள். அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 1970களிலேயே நடவடிக்கை எடுத்த எம்.எம்.ஏ (MMA) இன்னும் மலிவு பாட்டில்களில் வருகிறது. மூக்கைத் துளைக்கும் நெடி, கண்ணாடி மாதிரி இறுக்கம், அசிட்டோனில் அரை மணி நேரம் ஊறினாலும் அசையாது என்றால் சந்தேகப்படுங்கள்.

பயிற்சி பெரும்பாலும் சிலிக்கான் கையில் நடக்கிறது. முதல் நாளுக்குச் சரி. அந்தக் கையில் கியூட்டிகிள் இல்லை, வியர்வை இல்லை, வலித்தால் இழுத்துக்கொள்ளவும் செய்யாது. டிரில் மெஷின் பிட்டைச் சாய்த்துப் பிடித்தால் உண்மையான நகத்தில் பிறை வடிவத்தில் சிவப்புக் கோடு விழும். அந்த இடம் வளர்ந்து வெளியேற மாதக்கணக்காகும், விரல் நகம் மாதத்துக்கு 3 மில்லிமீட்டர்தானே வளர்கிறது! குறைந்தது இரண்டு உயிருள்ள மாடல் கைகளில் போட வைக்காத கோர்ஸுக்கு முழுக் கட்டணம் கொடுக்கத் தேவையில்லை.

சுத்தம் பற்றிய பாடம் பல இடங்களில் நீல விளக்கு எரியும் யூவி பெட்டியோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பெட்டி ஸ்டெரிலைசர் ஆகாது. உலோகக் கருவிகளைத் தேய்த்துக் கழுவி, ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 15 நிமிடம் வைப்பதுதான் முறை. ஃபைலும் பஃபரும் ஒருவருக்கு ஒன்று.

நம் வீட்டுப் பெண்களின் கை பற்றி எந்தப் பாடத்திட்டமும் பேசாதது பெரிய குறை. கையால் பிசைந்து சாப்பிடுபவர், பாத்திரம் தேய்ப்பவர், மாவு கரைப்பவர் கேட்கும் நீளத்தை அப்படியே போட்டுக் கொடுத்தால் நாலாம் நாள் உடைந்து வரும். வெள்ளை, பேபி பிங்க் நிறங்களில் மஞ்சள் தூள் கறை ஏறும். கல்யாணப் பெண்ணுக்கு நலங்கும் மெஹந்தியும் முடிந்த பிறகு நகம் போடுவதுதான் நல்லது.

கடைசியாக ரிமூவல், அதாவது போட்டதைக் கழற்றுவது. 2 நாள் கோர்ஸில் இதை வாயால் சொல்லி முடித்துவிடுகிறார்கள். மேல் பூச்சை ஃபைல் செய்து, அசிட்டோன் நனைத்த பஞ்சை ஃபாயிலில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைத்து, தளர்ந்ததை மட்டும் தள்ளி எடுக்க வேண்டும். தளராததை நெம்பினால் நகத் தட்டின் அடுக்கும் கூடவே உரிந்து வரும். ஹார்ட் ஜெல் அசிட்டோனில் ஊறவே ஊறாது, ஃபைல் செய்துதான் குறைக்க வேண்டும். உள்ளே பச்சை தெரிந்தால் அது பெரும்பாலும் தூக்கிய இடைவெளியில் ஈரம் தேங்கி வளர்ந்த சூடோமோனாஸ் பாக்டீரியா. மேலே இன்னொரு பூச்சுப் போட்டு மறைக்காமல் முழுவதும் கழற்ற வேண்டும். வலியோ வீக்கமோ இருந்தால் தோல் டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

ஏற்கெனவே ஓரிரு வருடம் மெனிக்யூர் செய்து நகம் பழகியவர் புதுப் பொருள் ஒன்றைக் கற்க 2 நாள் கோர்ஸ் போதும். புதிதாக வருபவருக்குப் போதாது. அவர்கள் தேட வேண்டியது இரண்டு கட்டமாக நடக்கும் பயிற்சி: முதலில் ஐந்தாறு நாள், பிறகு 15 முதல் 20 நாள் இடைவெளி, அதன் பிறகு தான் போட்டுவிட்ட அதே மாடலைத் திரும்ப அழைத்து வந்து, எங்கே தூக்கியிருக்கிறது என்று பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போதே பார்த்து, ஒரு கையில் ரீஃபில் (நகம் வளர்ந்து விட்ட இடைவெளியை நிரப்புவது), இன்னொரு கையில் ரிமூவல். அந்த இரண்டாம் கட்டத்துக்குத் தேதி குறித்துக் கொடுக்கிற இடத்தில் அட்வான்ஸ் கட்டுங்கள். ‘டவுட் வந்தா வாட்ஸ்அப்ல கேளுங்க’ என்று மட்டும் சொல்கிற இடத்தில் கட்டாதீர்கள்.