பீவரா, கூஸா? பழைய பிஸ்டன் நீர்விமானங்களில் எது யாருக்கு

அலாஸ்காவிலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கரையிலும் பறந்த மூத்த விமானிகள் பழங்கதை பேச உட்கார்ந்தால் இந்தக் கேள்வி வந்தே தீரும்: டி ஹாவிலாண்ட் பீவரா, கிரம்மன் கூஸா? பழைய பிஸ்டன் விமானம் ஓட்டிப் பழக நினைப்பவர்களுக்கும் இதே குழப்பம்தான்.

இன்ஜின்: இரண்டிலும் 450 குதிரைத்திறன் கொண்ட பிராட் அண்ட் விட்னி ஆர்-985தான்.
பீவரில் ஒன்று, கூஸில் இரண்டு. எரிபொருள் செலவும் அதற்கேற்ப ஏறும்.

உதிரிபாகம்: பீவர் 1,600-க்கும் மேல் தயாரானது, கிடைப்பது எளிது.
1937-இல் முதலில் பறந்த கூஸ் மொத்தமே 345தான். தேடி அலைய வேண்டும்.

கரை சேர்வது: இங்கேதான் உண்மையான வித்தியாசம். பீவரில் இன்ஜினை அணைத்து, கதவைத் திறந்து மிதவைமேல் இறங்கி, கயிற்றோடு துறைமேடைக்குத் தாவ வேண்டும். காற்று எதிர்த்தால் அது தனி வித்தை.
கூஸுக்கு உடலே படகு. இறக்கைக்குக் கீழுள்ள சிறு மிதவைகள் மேடையை ஒட்டி நிற்க விடாது. ஆனால் சக்கரத்தைக் கைப்பிடி சுழற்றி இறக்கி, சாய்தளத்தில் ஏறிவிடலாம், ஓடுபாதையிலும் இறங்கலாம்.

உப்புநீர்: இரண்டையும் அரிக்கும். தினமும் நன்னீரில் கழுவியே ஆக வேண்டும்.

பீவரில் எனக்கு மிகப் பிடித்தது, ஆயில் ஊற்றும் வாய் விமானி அறைக்குள்ளேயே இருப்பது. பறந்துகொண்டே ஊற்றலாம்!

சிறு ஏரிகள், குறைந்த செலவு, முதல் பயிற்சி என்றால் பீவர். கடலும் ஓடுபாதையும் மாறி மாறி வரும், இரண்டாவது இன்ஜினின் தெம்பும் வேண்டும் என்றால் கூஸ்.