ஹட்டன் சுவருக்கு நிழலா, சாயமா?

இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரக் கட்டடமொன்றின் கிழக்குச் சுவரை அழகுபடுத்த வேண்டுமென்றால், சாயத்தால் ஓவியம் தீட்டலாம். அல்லது டெல்லி லோதி காலனியில் டாக்கு என்னும் கலைஞர் 2016இல் செய்ததுபோல், சுவரிலிருந்து துருத்தி நிற்கும் எழுத்துகளின் நிழலையே மக்கள் வாசிக்கும்படி விடலாம்.

ஓவியம் மழையிலும் பனிமூட்டத்திலும் தெரியும். ஆனால் மலையக ஈரத்தில் பூச்சு உப்பி, பாசி படர்ந்து, தீட்டிய முகங்கள் பச்சை பிடித்துப்போகும்.

நிழலுக்கு அந்தக் கவலை இல்லை. 10 சென்ரிமீற்றர் துருத்திய தகடு, மார்ச் மாதக் காலையில் சூரியன் 45 பாகை உயரத்தில் நிற்கையில் 10 சென்ரிமீற்றர் நிழலையும், 60 பாகைக்கு ஏறியதும் 17 சென்ரிமீற்றர் நிழலையும் கீழ்நோக்கி நீட்டும். நண்பகல் கடந்தால் எழுத்து கரைந்துவிடும். பிற்பகலில் இங்கே முகில் கூடுவது வழக்கமாதலால், மேற்குச் சுவரைவிடக் கிழக்குச் சுவரே தகும். வடக்குச் சுவரில் நண்பகல் வெயில் விழுவது ஏப்ரல் முதல் செப்டெம்பர் தொடக்கம் வரைதான். அதில் பெரும்பகுதி தென்மேல் பருவமழைக்குப் போய்விடும்.

ஜூன், ஜூலையில் நாட்கணக்கில் வெறுஞ்சுவராக நிற்குமே என்பது நியாயமான கேள்விதான். ஆயினும், காலை பஸ்ஸுக்கு நிற்பவரின் தலைக்கு மேலே ஒரு சொல் மெல்ல நீள்வதைச் சாயம் காட்டாது என்பதால், என் தெரிவு நிழலே. துருப்பிடிக்காத உருக்குத் தகட்டின் விலை மட்டுமே தயங்க வைக்கிறது.