கேட்டுவிட்டுத் தொடங்கும் அழகு நிலையம்

நான் சென்றுவரும் அழகு நிலையத்தில் முன்பதிவுக்காக அழைத்தால், என்ன வேலை, எந்த நாள் என்பதோடு பேச்சு முடிந்துவிடுவதில்லை. முடி நேரானதா சுருண்டதா, அடர்த்தி எப்படி, கடைசியாக எப்போது சாயம் பூசப்பட்டது என்று கேட்கிறார்கள். ஒவ்வாமையோ, தோல் நோயோ, அண்மையில் எடுத்துக்கொண்ட சிகிச்சையோ உண்டா, கழுத்தைப் பின்னால் சாய்ப்பதிலும் நெடுநேரம் உட்காருவதிலும் சிரமம் இருக்கிறதா என்று விசாரிக்கிறார்கள். சத்தம், வாசனை, தனிமை பற்றி முன்கூட்டியே சொல்ல வேண்டியது ஏதேனும் உண்டா என்றும், எந்தப் பெயர் சொல்லி அழைப்பது என்றும் கேட்டுக்கொள்கிறார்கள். விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் தேவையில்லை என்பதை அவர்களே சொல்லிவிடுகிறார்கள். கிடைக்கும் பதில்களை வைத்துத்தான் ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்று முடிவாகிறது. இந்தக் கடையைப் பற்றி நான் எழுத வந்தது முழுவதும் இந்த ஒரு நடைமுறையிலிருந்து கிளைப்பதுதான். எல்லோரையும் வரவேற்கிறோம் என்று சொல்லும் கடை அதற்கான நேரத்தை ஒதுக்கியிருக்கிறதா என்றே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பல சலூன்களில் அரை மணிக்கு ஒருவர் என்ற கணக்கில் நாற்காலிகள் நிரப்பப்படுகின்றன. நேரான முடியும், நல்ல உடல்நலமும், எதையும் பொறுத்துக்கொள்ளும் சுபாவமும் உள்ள ஒருவரை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு அது. அந்த அளவுக்குள் அடங்காதவர் வந்து உட்கார்ந்ததும் திருத்துபவரின் கை அவசரப்படத் தொடங்குகிறது. அடுத்தவர் காத்திருக்கிறாரே என்ற பதற்றத்தில், "உங்க முடியை வச்சுக்கிட்டு ரொம்பக் கஷ்டம்" என்ற சொல்லும் வந்துவிடுகிறது. சிறு வயதிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவள் நான். அப்படிச் சொன்னவர்களில் பலர் நல்ல மனம் படைத்தவர்கள்தான் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட நேரமும் போதவில்லை, கற்றுத்தரப்பட்ட தொழிலும் போதவில்லை.

சுருட்டை முடியை ஈரத்தோடு இழுத்துப் பிடித்து வெட்டினால், உலர்ந்த பிறகு ஒவ்வொரு சுருளும் தன் இறுக்கத்துக்கு ஏற்ப மேலே ஏறிக்கொள்ளும். தோள்வரை இருக்கட்டும் என்று சொன்னவர் காதளவு முடியோடு எழுந்துபோக நேரிடும். இந்தக் கடையில் என் முடியை உலர்ந்த நிலையில், அது இயல்பாக விழுகிற வாக்கிலேயே, சுருள் சுருளாகப் பிரித்துத் திருத்துகிறார்கள். சிக்கெடுப்பதிலும் அதே நிதானம் இருக்கிறது. தண்ணீரும் கண்டிஷனரும் கொண்டு முடியை நன்றாக நனைத்து, அகலப் பல் சீப்பை நுனியில் வைத்துத் தொடங்கி, சிக்கு விடவிட வேர்ப்பக்கமாக ஏறுகிறார்கள். சீப்பு ஓடும் இடத்துக்கு மேலே மற்றொரு கையால் முடியை இறுகப் பற்றிக்கொள்வதால் தலைத்தோலில் இழுப்பு துளியும் தெரிவதில்லை. இதற்கெல்லாம் பொறுமை மட்டும் போதாது, முறையாகக் கற்றிருக்கவும் வேண்டும். அந்தக் கல்வி இத்தொழிலுக்குத் தாமதமாகத்தான் வந்துகொண்டிருக்கிறது. இறுக்கமான சுருள்களைக் கொண்ட ஆப்பிரிக்க வகை முடியைக் கையாளும் திறன், பிரிட்டனின் சிகையலங்காரத் தொழில் தரநிலைகளில் 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் எல்லோருக்குமான பாடமாகச் சேர்க்கப்பட்டது. நியூயார்க் மாநிலத்தில் பயிற்சிப் பள்ளிகள் எல்லா வகை முடியையும் கற்பிக்க வேண்டும் என்ற சட்டம் 2023இல் வந்தது. அதற்கு முன் சான்றிதழ் பெற்றவர்களுக்கு இந்தப் பயிற்சியைக் கடை உரிமையாளர்தான் ஏற்பாடு செய்து தர வேண்டும். இந்தக் கடையின் உரிமையாளர் அதைச் செய்திருக்கிறார் என்பது அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரின் கையிலும் தெரிகிறது.

கட்டணப் பலகையில் ஆண், பெண் என்ற பிரிவு இல்லை. முடியின் நீளமும் வேலைக்குப் பிடிக்கும் நேரமுமே கணக்கு. கலிபோர்னியாவில் ஒரே சேவைக்குப் பாலினத்தைக் காட்டி வேறு விலை வாங்குவதை 1995ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது என்றாலும், ஒட்ட வெட்டிய முடியுள்ள பெண்ணிடம் 'லேடீஸ் கட்' கட்டணம் வாங்கும் வழக்கம் உலகில் இன்னும் எத்தனையோ கடைகளில் தொடர்கிறது. இந்தப் பிரிவை எடுத்துவிட்டால் திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும் கிடைக்கும் நிம்மதி பெரிது. எந்தப் பலகையின் கீழ் நிற்பது, யாருடைய நாற்காலியில் உட்காருவது என்ற விளக்கத்தை வாசலிலேயே கொடுக்க வேண்டிய நிலை அவர்களுக்கு இங்கே இல்லை. திருநம்பியான என் நண்பர் ஒருவர், பக்கவாட்டு முடியை எந்தக் கோணத்தில் முடித்தால் முகத்தின் வடிவம் எப்படித் தெரியும் என்பதைத் திருத்துநரோடு உட்கார்ந்து நிதானமாகப் பேசியதைத்தான் இன்றும் பெரிதாகச் சொல்கிறார். டொராண்டோவில் 2017இல் தொடங்கப்பட்ட டிரெஸ்கோட் புராஜெக்ட் போன்ற அமைப்புகள் இத்தகைய கடைகளுக்குப் பயிற்சி தருகின்றன. பாலினத்தை ஒட்டி விலை வைக்காமல் இருப்பதை அவை அடிப்படையாக வலியுறுத்துகின்றன.

தலை கழுவும் தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வயதானவர்கள் பார்லருக்கு வருவதையே நிறுத்திக்கொள்வதற்கு அந்தத் தொட்டி ஒரு முக்கியக் காரணம். தொட்டியின் விளிம்பில் கழுத்தை வைத்துப் பின்னால் மடக்கும்போது, கழுத்தெலும்பை ஒட்டி மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் அழுந்தவோ காயப்படவோ வாய்ப்புண்டு. மைக்கேல் வைன்ட்ராப் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர், இப்படித் தலை கழுவியதைத் தொடர்ந்து பாதிக்கப்பட்ட 5 பெண்களைப் பற்றி 1993இல் 'ஜாமா' மருத்துவ இதழில் எழுதினார். அதிலிருந்து 'பியூட்டி பார்லர் ஸ்ட்ரோக்', அதாவது அழகு நிலையப் பக்கவாதம், என்ற பெயரே நிலைத்துவிட்டது. இது அரிதாக நேர்வது, யாரும் பயந்துபோக வேண்டியதில்லை. ஆனால் கழுத்துத் தேய்மானமோ தலைசுற்றலோ உள்ளவருக்கு அந்தச் சில நிமிடங்களே வேதனையானவை, பலர் அதை வாய்விட்டுச் சொல்வதும் இல்லை.

என் அம்மாவை அழைத்துச் சென்றபோது, தொட்டிக்குப் போகும் முன்பே, "சாய்ஞ்சா தலை சுத்துமா அம்மா? முன்னால குனிஞ்சு கழுவிக்கலாமா?" என்று கேட்டார்கள். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, நெற்றியில் வைத்துக்கொள்ள மடித்த துண்டைக் கொடுத்து, தண்ணீர் கண்ணுக்குள் வழியாதபடி கையால் அணைகட்டிக்கொண்டே கழுவினார் அந்தப் பெண். சாய்ந்துகொள்ளக்கூடியவர்களுக்கும் கழுத்துக்கும் விளிம்புக்கும் இடையே சுருட்டிய துண்டை வைக்கிறார்கள், இடையில் நிறுத்தித் தலையைத் தூக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். கழுவாமலே வெட்டிக்கொள்ள விரும்புகிறவர்களை வற்புறுத்துவதும் இல்லை. இதற்காக வாங்கிய கருவி என்று எதுவும் அங்கே இல்லை. துண்டுதான், அதோடு ஒரு கேள்வியும் சில நிமிடங்களும்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு முடி வெட்டும் நாள் எவ்வளவு கடினமானது என்பது என் அக்கா வீட்டில் நான் கண்டது. ஹேர் டிரையரின் இரைச்சல் 80 டெசிபலைத் தாண்டக்கூடியது. ட்ரிம்மரோ காதோரத்திலேயே அதிர்கிறது. கழுத்தில் ஒட்டும் துணுக்கு முடி வேறு. இவை மூன்றும் சேர்ந்தால் குழந்தை அலறுவதில் வியப்பில்லை. இங்கே கூட்டமில்லாத காலை வேளையில் பாட்டை நிறுத்தி, மற்ற நாற்காலிகளில் டிரையர் ஓடாத நேரமாகப் பார்த்து வரச்சொன்னார்கள். முதலில் அணைத்த ட்ரிம்மரை அக்கா மகனின் கையில் கொடுத்துவிட்டுத் திருத்துநர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பிறகு அதை ஓடவிட்டு, பற்கள் இல்லாத பின்புறத்தை அவனுடைய உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பையன் கையை இழுத்துக்கொண்டதும், ட்ரிம்மரை அலமாரியில் வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார். ஒரு பக்கம் முடிந்ததும் அவன் "போதும்" என்றான். "சரி, போதும். நாளைக்கு வா, இந்தப் பக்கம் பாத்துக்கலாம்" என்றார் அவர். மீதியை மறுநாள் தனிக் கட்டணமில்லாமல் முடித்துக் கொடுத்தார்கள். பாதி வெட்டிய தலையோடு ஒரு குழந்தையை அனுப்புவதற்கு ஒரு கடைக்குத் துணிச்சல் வேண்டும். குழந்தையைப் பிடித்து அமுக்கி வேலையை முடிப்பதைவிட அதுவே மேல் என்ற தெளிவும் வேண்டும்.

சாயம் பூசுவதற்கு 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் சிறிது தடவி ஒவ்வாமை சோதனை செய்யாமல் நாற்காலியில் உட்காரவிடுவதில்லை. அடர்நிறச் சாயங்களில் பெரும்பாலும் இருக்கும் பாரா-ஃபெனிலீன்டையமின் எனும் வேதிப்பொருள் சிலருக்கு முகம் வீங்கும் அளவுக்கு எதிர்வினை உண்டாக்கும். கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது என்பதால், பார்த்துவிட்டு விடாமல் அரிப்பு, எரிச்சல், தடிப்பு இருந்ததா என்று கேட்டும் தெரிந்துகொள்கிறார்கள். ஸ்ட்ரெய்ட்டனிங் வேலை மூடிய தனிப் பகுதியில், புகை வெளியேறும் வசதியோடு நடக்கிறது. சில கலவைகள் சூடேறும்போது ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளியிடுவதால், ஆஸ்துமா உள்ளவர்களையும் அந்தப் புகையிலேயே நாள் முழுதும் நிற்கும் ஊழியர்களையும் நினைத்தால் இது எல்லாக் கடைகளிலும் இருக்க வேண்டிய ஏற்பாடு.

உள்ளே கதவுள்ள ஒரு சிறிய அறையும் இருக்கிறது. தலையை மூடும் வழக்கமுள்ளவர்கள், பிறர் முன் முடியை அவிழ்க்கத் தயங்குகிறவர்கள், முடி உதிர்வால் மனம் நொந்தவர்கள் ஆகியோருக்காக அதை வைத்திருக்கிறார்கள். கீமோதெரபி தொடங்கிய இரண்டு மூன்று வாரங்களில் முடி கொத்தாக உதிரத் தொடங்குவது வழக்கம். அந்த நிலையில் இருந்த என் தோழி, மீதி முடியை மழித்துக்கொள்ள முடிவு செய்து அங்கே போனாள். கண்ணாடி பார்க்கும்படி உட்காருவதா வேண்டாமா என்று கேட்டு, அவள் வேண்டாம் என்றதும் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்கள். காயம் பட்டுவிட்டால் தொற்று எளிதில் வரும் காலம் என்பதால் சவரக்கத்தியைத் தொடாமல், கிருமிநாசினியில் துடைத்த மெஷினால் மட்டும் எடுத்தார்கள். ஆறுதல் மொழிகள் அதிகம் பேசவில்லை. பல மாதங்கள் கழித்து முளைத்த முடி முன்பைவிடச் சுருண்டு வந்தபோதும் அவள் அதே இடத்துக்குத்தான் போனாள்.

இவ்வளவு நன்றாக நடக்கும் கடையில் தோல் பராமரிப்புப் பிரிவு மட்டும் வேறு யாரோ நடத்துவதுபோல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஃபேஷியலுக்கு உட்கார்ந்தால், நாம் கேட்காமலே "முகம் கறுத்துப்போச்சு, பிரைட்டனிங் பண்ணிக்கலாமா" என்ற பேச்சு தொடங்குகிறது; புருவம் மட்டும் திருத்திக்கொள்ள வந்தவரிடம் மேலுதட்டு முடியைச் சுட்டிக்காட்டுவதும் நடக்கிறது. முன்பதிவில் அவ்வளவு அக்கறையாகக் கேட்டுவிட்டு, உள்ளே ஒருவருடைய நிறத்தையே குறையாகப் பேசினால் முன்னால் செய்ததெல்லாம் வீணாகிறது. முடி நீக்கும் லேசர் கருவியிலும் இதே குறை உண்டு. அங்கே இருப்பது 755 நானோமீட்டர் அலைநீளமுள்ள அலெக்சாண்ட்ரைட் லேசர். தோலில் மெலனின் என்ற நிறமி மிகுந்தவர்களுக்கு அந்த நிறமியே ஒளியை மேல்தோலில் ஈர்த்துப் புண்ணாக்கக்கூடும் என்பதால் கறுத்த நிறத்தவரைத் திருப்பி அனுப்புகிறார்கள். தெரிந்தே சூடு வைப்பதைவிட அது நேர்மையானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்களுக்கு ஏற்ற 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் நெடுநாளாகவே புழக்கத்தில் இருக்கும்போது, அதை வாங்கும்வரை இந்தச் சேவையை எல்லோருக்குமானது என்று விளம்பரம் செய்யக் கூடாது.

ஊழியர்களின் சம்பள முறையையும் குறிப்பிட வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் தரும் இடத்தில், ஒரு மணி நேரம் பிடிக்கும் சுருட்டை முடியும், அடிக்கடி நிறுத்த வேண்டிய குழந்தையும், மெல்ல எழுந்து நடக்கும் முதியவரும் திருத்துநரின் வருமானத்தைக் குறைப்பவர்களாகிவிடுகிறார்கள். அவர்களைச் சிரித்த முகத்தோடு வரவேற்கச் சொல்வது ஊழியருக்கு இழைக்கும் அநீதி. இந்தக் கடையில் வேலை செய்த நேரத்துக்கே ஊதியம் என்று உரிமையாளர் என்னிடம் சொன்னார். தோல் பராமரிப்புப் பிரிவில் மட்டும் விற்பனைக்கு ஊக்கத்தொகை உண்டு என்பதையும் அவரே சொன்னார். மேலே எழுதிய பிரைட்டனிங் பேச்சின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன், அவரிடமும் அதைச் சொல்லியிருக்கிறேன்.

சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு நுழைவாயிலில் 1:12 சரிவில், அதாவது 12 அடி நீளத்துக்கு 1 அடி உயரும்படி, சாய்தளம் இருக்கிறது, ஒரு கண்ணாடிக்கு முன்னால் கடையின் நாற்காலியை நகர்த்திவிட்டு அவரவர் நாற்காலியிலேயே இருந்தபடி முடி திருத்திக்கொள்ள இடமும் இருக்கிறது. கழிப்பறையின் கதவோ குறுகலானது. உள்ளே சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப 1.5 மீட்டர் விட்டமுள்ள இடம் தேவை, அதில் பாதிகூட அங்கே இல்லை. ஆகவே முடி வெட்டவோ ப்ளோ டிரைக்கோ இந்தக் கடையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன், சுருட்டை முடிக்காரர்களுக்கும் முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இன்னும் அழுத்தமாகவே பரிந்துரைக்கிறேன். மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும் கலரிங், ஸ்ட்ரெய்ட்டனிங் போன்றவற்றுக்குச் சக்கர நாற்காலியில் செல்பவர்கள், கழிப்பறையை விரிவாக்கிவிட்டார்களா என்று முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றால் இப்போதைக்கு வேறு இடம் பார்ப்பதே நல்லது.