புதுச்சேரி ஹாலில் விற்கிற புக்கெட் பீச் வில்லா: பணம் கட்டும் முன் படியுங்கள்

"தாய்லாந்தில் கடலோர வில்லா, உங்கள் சொந்தமாக" என்று புதுச்சேரி, கடலூர் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. என் அக்கா வீட்டுக்காரர் 4 லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு நிற்கிறார்.

கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு ஹோட்டல் ஹால். ட்ரோன் வீடியோ, காபி, சமோசா. லாஸ்பேட்டையில் ரெண்டு குழி மனை வாங்க 30 வருஷ வில்லங்கம் போட்டுப் பார்த்த மனுஷன், சமோசா ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஏஜென்ட் வாய் அப்படி.

அக்ரிமென்ட்டைப் படித்தேன். சொந்தமெல்லாம் இல்லை, குத்தகை. தாய்லாந்தில் வெளிநாட்டுக்காரர் பேரில் சாதாரணமாக நிலம் பதிய மாட்டார்கள். குத்தகையும் அதிகபட்சம் 30 வருஷம்தான். பிறகு ரெண்டு தடவை புதுப்பித்துத் தருவார்களாம், அதையும் கூட்டித்தான் 90 வருஷம் என்று அடித்துவிட்டார். நிலக்காரர் வேறொருவருக்கு விற்றுவிட்டால் அந்த வாக்கு புது ஆளைக் கட்டாது. 3 வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையை அங்குள்ள நில அலுவலகத்தில் பதியாவிட்டால் 3 வருஷத்துக்குத்தான் செல்லும். பதிவு பற்றி அக்ரிமென்ட்டில் ஒரு வரி கிடையாது.

கேட்டதும் பேச்சு மாறியது. "சார், அங்க ஒரு கம்பெனி ஆரம்பிச்சு 51 பர்சென்ட் தாய்லாந்துக்காரங்க பேர்ல சும்மா போட்டுக்கலாம்." பினாமி அங்கேயும் குற்றம்தான். "அப்ப ஃப்ளாட் எடுத்துக்கங்க." இது மட்டும் சட்டப்படி நடக்கும்: ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் உள்ள ஃப்ளாட்களின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டுக்காரர்கள் பேரில் இருக்கலாம். ஆனால் பணம் வெளிநாட்டிலிருந்து அந்நியச் செலாவணியாக வந்ததற்கு அந்த ஊர் பேங்க் சான்று வேண்டும். இவரோ பாதியை இங்கேயே ரொக்கமாகக் கேட்கிறார், "அங்க சேர்ந்துடும் சார்" என்று. பச்சையான ஹவாலா! ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கு எந்த பேங்க் சான்று தரும்? ரிசர்வ் வங்கியே ஒருவருக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை பேங்க் வழியாக அனுப்ப அனுமதிக்கிறது. அதில் சொத்தும் வாங்கலாம்.

அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டோம். "ரசீதைப் பாருங்க" என்றார். பார்த்தால், அட்வான்ஸ் என்ற பேச்சே இல்லை: "ஆலோசனைக் கட்டணம்". கீழே பொடி எழுத்தில், திருப்பித் தரப்படாது.

போலீசில் மனு கொடுத்திருக்கிறோம். அடுத்த கூட்டம் கடலூரில் என்று கேள்வி. போகிறவர்கள், 'சனோட்' என்கிற நிலப் பத்திரத்தின் நகலை முதலில் கேளுங்கள். எங்களுக்கு இன்றுவரை காட்டவில்லை.