நிபோங் திபால் கடையின் துறைமுகத் தொழில் கோப்பு: தேடல் சுத்தம், தட்டச்சு சுமார்

நிபோங் திபால் பெரிய ரோட்டில் போட்டோகாப்பி, பாஸ்போர்ட் படம் எடுக்கும் கடை ஒன்று 'துறைமுகத் தொழில் கோப்பு' என்று ஒரு சேவை நடத்துகிறது. ஒரு பெயரையோ தொழிலையோ கொடுத்தால் போதும். பிரிட்டிஷ் கால பினாங்கு துறைமுகத்தைப் பற்றிய அரசாங்கப் பதிவுகளில் அது வரும் பக்கங்களைத் தேடி, படி எடுத்து, தமிழில் தட்டச்சு செய்து, ஸ்பைரல் போட்டுத் தருகிறார்கள். கேலடோனியா, பைராம் தோட்டங்களின் பக்கத்துக் குடும்பங்களில் பலவற்றின் முன்னோர்கள் பினாங்கில் இறங்கித்தான் கரும்புத் தோட்டத்துக்கு வந்தார்கள் என்பதால் ஊருக்குத் தோதான சேவைதான். தேடலுக்குப் பத்துக்கு எட்டு கொடுக்கலாம். தட்டச்சுக்கு ஐந்தே அதிகம்.

எந்தப் பதிவில் எதைத் தேட வேண்டும் என்று கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. 1871 முதல் 1931 வரை பத்தாண்டுக்கு ஒரு முறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் இனவாரியாகத் தொழில் எண்ணிக்கை கிடைக்கும், ஆள் பெயர் கிடைக்காது. இதை முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுகிறார்கள். 1871 கணக்கில் நம்மவர்கள் 'கிலிங்' (தென்னிந்தியரைக் குறித்த பழைய பெயர்) என்ற தலைப்பில் இருக்கிறார்கள், பிந்தைய கணக்குகளில்தான் 'தமிழர்' என்ற தலைப்பு வருகிறது. 'தமிழர்' என்று மட்டும் தேடுகிறவர் அந்தப் பழைய தலைப்பைத் தவறவிடுவார். கடை தவறவிடவில்லை. ஆண்டுதோறும் வந்த நீலப் புத்தகங்களிலிருந்து (காலனி அரசின் புள்ளிவிவரத் தொகுப்பு) துறைமுக அலுவலகத்தின் பதவி, சம்பள விவரத்தையும் சேர்க்கிறார்கள். அதிகாரிகளுக்குப் பெயரும் நியமனத் தேதியும் உண்டு. சாராங்கு, தண்டல், லஸ்கர் போன்ற படகு, கப்பல் ஆட்களுக்குப் பெரும்பாலும் வேலையும் கூலியும்தான்.

கோப்பிலேயே சிறந்த பகுதி, 1867 ஆகஸ்டில் பினாங்கில் நடந்த கலவரத்தை விசாரித்த குழுவின் அறிக்கை. மற்ற பதிவுகளில் எழுத்தர்தான் ஆளைக் கட்டத்தில் அடைக்கிறார். இங்கே சாட்சியே வாய் திறக்கிறார். யாரிடம் வேலை, எந்தத் தெருவில் குடி, யாரோடு பழக்கம் என்பதெல்லாம் வாக்குமூலத்தின் போக்கில் வெளிவருகிறது. இந்தப் பக்கங்களுக்காகவே கோப்பை வாங்கலாம்.

இனி குறைகள். பழைய அட்டவணைகள் எதிரெதிர் இரண்டு பக்கங்களில் விரிந்திருக்கும். இடப் பக்கத்தில் தொழில், வலப் பக்கத்தில் எண்ணிக்கை. கடையில் ஒவ்வொரு பக்கத்தையும் தனியாக ஏ4 தாளில் சுருக்கி எடுக்கிறார்கள். ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தாலும் வரிசை ஒன்று நழுவி, டோபியின் எண்ணிக்கை தச்சனுக்குப் போய்விடும். இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஏ3 தாளில் கேளுங்கள். கீழே உள்ள கூட்டுத்தொகையைப் போட்டுப் பாருங்கள். மைக்ரோபிலிமில் 3ம் 8ம் ஒன்றுபோலத் தெரியும், கூட்டல் உதைத்தால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

அடுத்தது டிட்டோ குறி. மேல் வரியில் உள்ள தொழிலே இதற்கும் என்று எழுத்தர் போட்ட குறி, பக்கம் மாறினால் முந்தைய பக்கத்தின் கடைசி வரியைக் குறிக்கும். தட்டச்சு செய்பவர் அதை விட்டுவிடுவதால் பாதிப் பட்டியல் தொழிலே இல்லாமல் நிற்கிறது. அதைவிட மோசம், தொங்கானில் (சரக்குப் படகில்) மூட்டை இறக்கியவர், நிலக்கரி சுமந்தவர், ரோடு போட்டவர் என மூலத்தில் தனித்தனியாக இருக்கும் ஆட்களை எல்லாம் தமிழில் 'கூலி' என்றே அடித்து வைத்திருப்பது. துறைமுகத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தானே காசு கொடுப்பது? மூலத்தில் உள்ள சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் பக்கத்தில் போடச் சொல்லி வற்புறுத்துங்கள்.

'பினாங்கு' என்ற தலைப்பையும் அப்படியே நம்ப வேண்டாம். அந்தக் காலத்து பினாங்கு குடியேற்றம் என்பது தீவு, இந்தப் பக்கத்து வெல்லஸ்லி மாநிலம் (இன்றைய செபராங் பிறை), லுமுட் பக்கத்து டிண்டிங்ஸ் மூன்றும் சேர்ந்தது. டிண்டிங்ஸ் 1935இல்தான் பேராவுக்குத் திரும்பியது. மொத்தத் தொகையைத் துறைமுகக் கணக்காக எடுத்தால் நம்மூர்க் கரும்புத் தோட்டத்து ஆட்களும் அதில் ஏறிவிடுவார்கள். தீவுக்கான தனி அட்டவணையைக் கேட்டு வாங்க வேண்டும். கப்பலிலும் படகிலும் இருந்தவர்களை 'மிதக்கும் மக்கள்' என்று தனியாக எண்ணிய ஆண்டுகளும் உண்டு, அந்தப் பக்கம் கோப்பில் வருவதே இல்லை.

சம்பளத்தை இன்றைய ரிங்கிட்டாக மாற்றிப் போடுவது வெட்டி வேலை. 1906இல்தான் அன்றைய ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர் 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலைத்தது. அதற்கு முன் வெள்ளி விலையோடு ஏறி இறங்கிய பணத்துக்கு ஒரே பெருக்கல் செல்லாது. அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம்.

அரசாங்க கெஜெட்டில் வந்த ஜூரிப் பட்டியலில் பெயரும் தொழிலும் சேர்ந்தே இருப்பதால் பார்த்தவுடன் மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் ஆங்கிலம் தெரிந்தவர்தான் ஜூரியாக முடியும். அதனால் அதில் கிராணிகள் (அலுவலக எழுத்தர்கள்) நிறைந்திருப்பார்கள், படகுக்காரரைத் தேடினால் கிடைக்கமாட்டார்.

ஆர்டர் கொடுக்கும்போது வெறும் பெயர் போதாது. முத்துசாமி என்றால் ஆங்கிலத்தில் உகரத்துக்கு இரண்டு 'ஓ' போட்டது, 'எச்' இல்லாமல் வெறும் 'டி' போட்டது, 'சாமி'யைப் பிரித்து எழுதியது எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். பெயரும் தொழிலும் பொருந்தினால் மட்டும் அவர்தான் தாத்தா என்று முடிவுகட்ட முடியாது. தெருவோ, தோட்டமோ, முதலாளியோ மூன்றாவதாக ஒன்று பொருந்த வேண்டும். பழைய பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் தொழில் எழுதியிருந்தால் அதன் நகலையும் கொடுங்கள். ஒவ்வொரு படியிலும் பதிவின் பெயர், ஆண்டு, பக்க எண் மூன்றும் இருக்கிறதா என்று கடையிலேயே சரிபார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுப்பது நல்லது.